இறாக் கட்டை

மோகன்குமார் ஏரியில் விழுந்து தோளை உடைத்துக்கொண்டிருந்தால் ஊரில் சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கௌரவமாவது இருந்திருக்கும். பொன்னேரியில் ஒரு காதுகுத்துக்குப் போய்க் கறிச்சோறு தின்றுவிட்டு, மச்சான் ஓட்டிய வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தவன், பள்ளமே இல்லாத தார் ரோட்டில் ஒரு நாய்க்குட்டி குறுக்கே வந்ததற்காக விழுந்தான். மச்சானுக்கு முழங்காலில் சிராய்ப்பு. நாய்க்குட்டிக்கு ஒன்றுமில்லை. இவனுக்கு மட்டும் வலது தோள் இரண்டு இடத்தில் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்து, மூன்று மாதத்துக்குக் கையைத் தூக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

நெடுந்திட்டுக்காரனுக்குக் கை இல்லையென்றால் என்ன இருக்கிறது? பழவேற்காடு ஏரிக்குள் பசியாவரத்தைத் தாண்டிக் கிடக்கும் மண்திட்டு அது. அறுபது வீடு, ஒரு அம்மன் கோவில், ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டியில் தண்ணீர் இருந்தால் அன்றைக்குத் தேர்தல் நெருங்குகிறது என்று அர்த்தம். மீன் கூடும் இடங்களையெல்லாம் ஊர் பாடு பாடாகப் பிரித்து, வீட்டுக்கு ஒரு முறை என்று நாள் வைத்திருக்கிறது. தன் முறையன்று அந்த வீட்டு ஆள் படகில் இருக்க வேண்டும். கூலிக்கு ஆள் விடக்கூடாது. விட்டால் நாளைக்கு வெளியூர்க்காரன் உள்ளே வந்துவிடுவான். தொடர்ந்து மூன்று முறை ஆள் வராத வீட்டின் பெயரை வரிசையிலிருந்து எடுத்துவிடுவார்கள். மறுபடி சேர வேண்டுமானால் புதிதாகக் கல்யாணமான பையன்களுக்கெல்லாம் பின்னால் நின்று வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மோகன்குமார் வீட்டுக்கு இரண்டு முறை தவறிவிட்டது. மூன்றாவது முறைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கார்த்திகை மாதம், வாடைக்காற்று, மழைத்தண்ணீர் கலந்து ஏரி கலங்கியிருக்கும் நேரம். மடவை மீன் கூட்டம் கூட்டமாக மேயும் பருவம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவில் முன்னால் ஊர் கூடியது. ஊர்த்தலைவர் வீரராகவன் எழுந்திருக்கப் போகும்போது, பெண்கள் நின்று வேடிக்கை பார்க்கும் வேப்பமரத்தடியிலிருந்து மோகன்குமாரின் மனைவி சுதா முன்னால் வந்தாள்.

"மாமா, எங்க மொறைக்கு நான் போறேன்."

"எங்க போற?"

"ஏரிக்கு."

"இன்னாத்துக்கு?"

"மடவ தட்ட."

சிரிப்பு எழுந்து அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. வீரராகவன் சிரிக்கவில்லை. கெட்ட மனுஷர் இல்லை அவர். அறுபது வயது வரைக்கும் புதிதாக எதையும் யோசிக்க வேண்டிய கஷ்டம் அவருக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"சுதா, பொம்பளைங்க தொழிலுக்கு ஏரில எறங்குற பழக்கம் நம்மகிட்ட இல்ல. ஒனக்குத் தெரியாதா?"

"இருவது வருசமா தண்ணிக் கொடத்தப் படகுல ஏத்திக்கினு கழி போட்டுக்கினு போறேன் வரேன். அது எந்த ஏரி மாமா?"

"அது தண்ணிக்கு."

"அதே ஏரிதான, அதே கழிதான. தண்ணி கொண்டாந்தா அம்மனுக்குக் கோவம் வரல, மீனு கொண்டாந்தா வந்துடுமா?"

"வாய் பேசுனா மீனு வராது. தட்டுறதுன்னா சும்மாவா? மீனக் கூப்புடுற மாரி தட்டணும். அது கையில இருக்கணும்."

"கையில கீதா இல்லையான்னு தட்டிப் பாத்தாதான தெரியும்."

அப்போது ஆதிநாராயணன் தொண்டையைச் செருமினார். மோகன்குமாருக்கு வலைக்கூட்டாளி. இவன் தட்டி ஓட்டிவரும் மீனை அவர் வலை போட்டுப் பிடிப்பார், ஆளுக்குப் பாதி. இவன் தோள் உடைந்ததில் அவர் வலையும் இரண்டு முறையாகக் காய்ந்து கிடக்கிறது.

"எனக்கு ஆரு தட்டுனா இன்னா? மீனு வலைக்கு வந்தா போதும். நான் வலை எடுத்துக்கினு போறேன்" என்றார்.

வீரராகவன் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "சரி, போ. ஆனா வலையில மீனு ஏறலன்னா ஆள் வரலன்னுதான் அர்த்தம். மூணாவது மொறயும் போச்சி, பேரு எடுத்தாச்சி. அப்பால எங்கிட்ட வந்து அழக்கூடாது."

"அழ மாட்டேன்" என்றாள் சுதா. சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். தைரியம் என்று ஊர் நினைத்தது; உள்ளே இருந்த பயம் அவளுக்கல்லவா தெரியும்.

வீட்டில் மோகன்குமார் கழுத்திலிருந்து துணியால் தொட்டில் கட்டிய கையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். செய்தி அவளுக்கு முன்னாலேயே வந்திருந்தது.

"என்னைய ஒரு வார்த்த கேட்டியா நீ?"

"கேட்டா வேணான்னுவ."

"தெரியுதுல்ல?"

"தெரிஞ்சிதான் கேக்கல."

நேற்றைய மீன்குழம்பும் சோறும் அவன் முன்னால் வைத்தாள். இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடுவது அவனுக்கு இன்னும் பழகவில்லை. பாதி மடியில் விழுந்தது. அவள் துடைத்துவிடப் போனாள், அவன் தட்டிவிட்டான்.

மடவை பிடிப்பது கேட்பதற்கு எளிது. ஒரு படகில் வலைக்காரன் மார்பளவு தண்ணீரில் வலையை அரைவட்டமாக நிறுத்திக்கொண்டு காத்திருப்பான். இன்னொரு படகில் தட்டுகிறவன் தூரத்திலிருந்து சத்தம் கொடுத்துக்கொண்டே மீனை வலைக்கு ஓட்டிவருவான். எதைக்கொண்டு தட்டுவது என்பதில்தான் ஊர் அறுபது கட்சியாகப் பிரிந்து கிடந்தது. ஒருவன் சோற்றுத்தட்டைக் கரண்டியால் அடிப்பான். ஒருவன் பிளந்த மூங்கிலை விளிம்பில் அறைவான். ஒருவன் நங்கூரச் சங்கிலியைத் தண்ணீரில் குலுக்குவான். அவனவன் சாமானை அவனவன் கூரையில் செருகி வைத்திருப்பான். அடுத்தவன் தொட்டால் சண்டை.

"நான் எத்த எடுத்துக்கினு போறது?" என்று கேட்டாள்.

"புதுசா தட்டுறவனுக்குச் சோத்துத்தட்டுதான். எவன் வேணாலும் அடிக்கலாம். நல்லா சத்தம் வரும். சத்தம் வந்தா மீனு ஓடும்."

அவள் கண் சுவரில் தொங்கிய அவனுடைய வேலங்கட்டைக்குப் போனது. முழங்கை நீளம், நல்ல கனம். அதைக்கொண்டு அடித்தால் படகே அதிரும்.

"அது என் கட்ட. அத்தத் தொடாத" என்றான்.

மறுநாள் காலையில் திட்டுக்குப் பின்பக்கம், ஆள் நடமாட்டம் இல்லாத, ஆழம் குறைந்த தண்ணீரில், எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாகப் போய்ப் பழகிப் பார்த்தாள். தண்ணீர் மேல் மடவை வாயை வைத்து மேய்வது தெரிந்தது. ஓங்கி அடித்தாள். அவ்வளவுதான், அத்தனை மீனும் ஒரே நேரத்தில் மேலே துள்ளி, திக்குக்கு ஒன்றாகப் பாய்ந்தன. ஒன்று அவள் மடியிலேயே வந்து விழுந்தது. வலை இருந்திருந்தால் வலைக்கு மேலேயே தாண்டியிருக்கும். எங்கிருந்தோ வந்து கரையில் நின்ற இரண்டு பேர் கைதட்டினார்கள். மடியில் விழுந்த மீனைத் தூக்கி அவர்கள் பக்கமாக எறிந்துவிட்டு வந்தாள்.

மூங்கிலும் எடுத்துப் பார்த்தாள், சங்கிலியும் குலுக்கிப் பார்த்தாள். மூன்று நாள் போயிற்று. யாரைக் கேட்டாலும் இன்னும் பலமாக அடி என்றார்கள்.

நான்காம் நாள் பொன்னேரி மார்க்கெட்டில் கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவளுக்கு விளங்கியது. பதினைந்து வருஷமாக அங்கே உட்கார்ந்து நெடுந்திட்டு மீனை விற்கிறாள். வீட்டு மீன் இல்லாததால் அன்று அவள் கூடையில் மற்றவர்களிடம் வாங்கிய நான்கு படகு மீன் கலந்து கிடந்தது. ஒரு பெண் வந்து ஒரு மடவையை எடுத்தாள், விரலால் தடவினாள், நாலு செதில் உதிர்ந்தது. "நேத்து மீனா?" என்று கேட்டுவிட்டுக் கீழே வைத்தாள். அது காலையில் செத்த மீன்தான். தட்டு அடிப்பவன் படகு மீன். பயந்து தலைதெறிக்க வலையில் மோதியதில் தலைப்பக்கம் செதில் போயிருந்தது. சங்கிலிக்காரன் மீனுக்குச் செவுளில் சேறு; பயத்தில் தரைக்குள் புதைந்து எழுந்து வந்திருக்கும். அந்தப் பெண் அடுத்து எடுத்த மீனுக்குச் செதில் ஒன்றுகூடக் குறையவில்லை. அதை வாங்கிக்கொண்டு போனாள்.

சுதா பக்கத்துக் கூடைக்காரி மனோரமாவைப் பார்த்தாள். அந்த மீன் மனோரமாவின் புருஷன் செங்கல்வராயன் படகு மீன். எப்போதும் அப்படித்தான் வரும்.

இது எல்லாம் கூடைக்காரிகளுக்குத் தெரியும். ஆண்களுக்குத் தெரியாது. அவர்கள் மீனைக் கரையில் கொட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். மீனின் உடம்பைப் புரட்டிப் பார்ப்பதும், அடிபட்டதைத் தனியாகப் பொறுக்குவதும், குறைத்துக் கேட்கிறவளிடம் வாயாடுவதும் பெண்கள் வேலை. சத்தம் பெரிதாக இருந்தால் மீன் நிறைய வரும் என்று இத்தனை காலம் அடித்துக்கொண்டிருக்கிறார்களே என்று அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"அக்கா, ஒங்க வூட்டுக்காரு எத்தனால தட்டுறாரு?"

"எனக்கே தெரியாதுடி. துணில சுத்தி எடுத்துக்கினு போவாரு, சுத்தி எடுத்துக்கினு வருவாரு. கட்டிக்கினு வந்து முப்பது வருசமாவுது, காட்டுனதில்ல."

"அவரக் கேட்டா சொல்வாரா?"

"செத்தாலும் சொல்ல மாட்டாரு" என்று மனோரமா வெற்றிலையை மடித்தாள். பிறகு, கூடையிலிருந்து கண்ணை எடுக்காமல், "படகு கரையிலதான் கெடக்குது. படகப் பாக்க வேணான்னு ஆரும் ஒன்ன சொல்லலையே" என்றாள்.

சாயங்காலம் போய்ப் பார்த்தாள். மற்றவர்கள் படகில் தட்டித் தட்டி விளிம்பு நார்நாராகப் பிய்ந்திருக்கும். செங்கல்வராயன் படகின் விளிம்பில் அடித்த பச்சைப் பெயிண்ட்கூடப் போகவில்லை. அப்படியானால் மனுஷன் படகை அடிப்பதே இல்லை. பிறகு எதை? உள்ளே கிடந்த, படகு தள்ளும் கழியைத் தூக்கிப் பார்த்தாள். கை பிடிக்கும் இடம் எல்லார் கழியும் போல வழவழப்பாக இருந்தது. அதற்கு ஒரு சாண் கீழே, சுற்றிலும் சின்னச் சின்னக் குழிகளாக ஒரு பட்டை ஓடியது.

கழியைத் தரையில் ஊன்றி, கழியைத்தான் தட்டுகிறார். சத்தம் காற்றில் வீணாகாமல் கழி வழியாகத் தண்ணீருக்குள் அடியில் இறங்குகிறது. மேலே கேட்கவே கேட்காது. அதனால்தான் அவர் முறையன்று ஏரியில் சத்தமே இல்லையென்று ஊரில் பேசிக்கொள்வார்கள்.

அவர் எதனால் தட்டினார் என்பது அவளுக்கு இனி வேண்டியிருக்கவில்லை. வீட்டுக் கொல்லையில் கோணிமேல் அவளுடைய இறாக் கட்டை கிடந்தது. காய்ந்த இறாவைச் சாக்கில் போட்டு ஓடு போகத் தட்டுகிற கட்டை. பூவரசு மரம், ஒரு சாண் நீளம், கை பட்டுப் பட்டுக் கறுத்தது. ஓங்கி அடித்தால் இறா மாவாகிவிடும், தளர அடித்தால் ஓடு போகாது. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது அவள் மணிக்கட்டுக்குத் தெரியும். நெடுந்திட்டில் எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

மறுநாள் பின்பக்கத் தண்ணீரில் கழியை ஊன்றித் தோளில் சாய்த்துக்கொண்டு இறா தட்டுகிற மாதிரி தட்டினாள். மேய்ந்துகொண்டிருந்த மீன்கள் நின்றன. துள்ளவில்லை. எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி, அவசரப்படாமல் விலகிப் போயின. அவள் கழியைப் பிடுங்கி நாலடி முன்னால் ஊன்றித் தட்டினாள். அவையும் நாலடி போயின. யாரும் பக்கத்தில் இல்லாததால் வாய்விட்டுச் சிரித்தாள்.

முறைக்கு முந்தின நாள் பொழுது சாயும்போது மோகன்குமார் தானாகவே எழுந்து, சுவரில் தொங்கிய வேலங்கட்டையை இடது கையால் எடுத்து அவளிடம் நீட்டினான்.

"எடுத்துக்கினு போ" என்றான். "ஊரு சிரிக்குது. என் கட்டையாவது கையில இருந்தா ஒரு மரியாத."

ஒரு வாரமாகப் பேசாதவன் பேசுகிறான். அவளுக்கு மனசு இளகத்தான் செய்தது. வாங்கிக்கொண்டு, நாளைக்குப் படகில் ஓரமாகப் போட்டுவிட்டுத் தன் கட்டையால் தட்டியிருக்கலாம், அவனுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அவளுக்கு அப்படிச் செய்யப் பிடிக்கவில்லை.

"வேணாய்யா."

"ஏன்?"

"நீ அடிக்கிற அடில மீனு செதிலெல்லாம் போயி வருது. ஒன் மீன நான் எப்பவும் கூடைக்கு அடியிலதான் போட்டு விப்பேன்."

அவன் முகம் செத்துப்போயிற்று. "எத்தினி வருசமா?"

"கல்யாணம் ஆனதுலேந்து."

"ஒரு நாளும் சொல்லலையே நீ."

"சொன்னா கேட்டிருப்பியா?"

அவன் கட்டையைத் திரும்ப மாட்டப் போனான். ஒரு கையால் ஆணியில் மாட்ட வரவில்லை. கீழே வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான். அவளுக்கு அழுகை வந்தது. சொன்னதற்காக வருத்தமில்லை, அவன் அப்படிச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதைப் பார்க்க முடியவில்லை.

விடிந்தபோது வாடை ஊசியாகக் குத்தியது. தூறல் விட்டு விட்டு விழுந்தது. ஆதிநாராயணன் வலையை நிறுத்திக்கொண்டு தூரத்தில் நின்றார். கரையில் பாதி ஊர் இருந்தது. தொழிலுக்குப் போகாமல் ஒரு பெண்ணைப் பார்க்க இத்தனை பேருக்கு எப்படித்தான் நேரம் கிடைத்ததோ.

சுதா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, படகை வடக்கே வெகுதூரம் கொண்டுபோய்த் திருப்பினாள். கழியை ஊன்றினாள். தட்டத் தொடங்கினாள்.

கரைக்கு ஒன்றும் கேட்கவில்லை. "இன்னா பண்றா அவ, தூங்குறாளா?" என்று ஒருவன் கேட்டான். "தட்டு எடுத்துக்கினு போவலையாடா" என்றான் இன்னொருவன். செங்கல்வராயன் மட்டும் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மனோரமா அம்மன் கோவில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் கலங்கலாக இருந்ததால் சுதாவுக்கு மீன் தெரியவில்லை. முன்னால் இருக்கிறதா, எப்போதோ கலைந்து போய்விட்டதா, எதுவும் தெரியாது. காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளியது. கழியைப் பிடுங்கும்போது ஒரு தடவை சேற்றில் சிக்கி அவளையே இழுத்தது. பலமாக அடி, பலமாக அடி என்று கரையிலிருந்து கத்தினார்கள். கை தானாக ஓங்கப் பார்த்தது. போனால் போகட்டும், வீட்டுப் பெயர் போனாலும் என் கையால் போகட்டும், இவர்கள் பேச்சால் போக வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதே அளவில் தட்டினாள். ஊன்றினாள், தட்டினாள், பிடுங்கினாள். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து எரிந்தது.

வலைக்கு நாற்பது அடி இருக்கும்போது ஆதிநாராயணன் ஒரு கையைத் தூக்கினார். வலையின் மிதவைகள் ஒன்றன்பின் ஒன்றாக அமிழ்ந்து எழுந்தன. அவர் இரண்டு முனையையும் சேர்த்து இழுத்தார், தனியாக முடியவில்லை. சுதா படகிலிருந்து குதித்து மார்பளவு தண்ணீரில் போய்க் கூடப் பிடித்தாள். வலை முழுக்க மடவை.

"தாண்டவே இல்லியே, ஒண்ணுகூடத் தாண்டலியே" என்று ஆதிநாராயணன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கரையில் கொட்டியபோது ஆண்கள் முதல்முறையாகக் குனிந்து மீனைப் புரட்டிப் பார்த்தார்கள். வீரராகவனும் ஒரு மீனை எடுத்துச் செதிலைத் தடவிப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மொற கணக்குல சேந்துடுச்சி. பேரு எடுக்கல. மோகனு தோளு சரியாவுற வரைக்கும் நீயே போம்மா. அப்பால அவன் பாத்துக்குவான்."

பெருந்தன்மையாகத்தான் சொன்னார். கூட்டமும் சரி சரி என்றது. சுதா ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்தாள்.

"தோளு சரியானா அவரு ஆதி அண்ணங்கூட வலைக்குப் போவட்டும் மாமா. தட்டுறது நான்தான்."

"அதெப்படி?"

"இப்படித்தான்" என்று மீனைக் காட்டினாள்.

ஒவ்வொருவராகத் திரும்பி, கூட்டத்தின் கடைசியில் தொட்டில் கட்டிய கையோடு நின்ற மோகன்குமாரைப் பார்த்தார்கள். அவன் எப்போது வந்தான் என்று சுதாவுக்குத் தெரியாது.

"இன்னா மோகனு, நீ இன்னா சொல்ற?" என்று வீரராகவன் கேட்டார்.

மோகன்குமார் தரையைப் பார்த்தான், மீனைப் பார்த்தான்.

"என்னைய இன்னாத்துக்குக் கேக்குற? தட்டுனது அவ. அவளையே கேளு."

"இதெல்லாம் ஊரு கூடித்தான் பேசணும்" என்றார் வீரராகவன்.

"கூடுங்க. ஞாயித்துக்கெழம நானும் வரேன்" என்றாள் சுதா. "இப்ப மார்க்கெட்டுக்கு நேரமாவுது."

அவள் கூடையை நிரப்பினாள். நிரம்பியது ஒரு ஆள் தூக்கும் கனமில்லை. கூப்பிட்டால் வந்து கை கொடுத்துத் தலையில் ஏற்றிவிடுகிற ஆண்கள் இன்று அவரவர் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மனோரமா முன்னால் வரப் பார்த்தாள். சுதா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"யோவ், அங்க இன்னா நிக்கிற? நல்லா கீற கையக் குடு."

மோகன்குமார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இடது கையைக் கொடுத்தான்.